உபுண்டு 22.04: கேர்னல் 6.8க்கு மாறினாப்பிறகு என்விடியா மொடியூல் ஏறுதில்லை, உதவி தேவை

கொக்குவில்வாசி:
ஜிடிஎக்ஸ் 1650 காட் போட்ட டெஸ்க்டொப். கேர்னல் (சிஸ்டத்தின்ரை மையப் பகுதி) 5.15, என்விடியா 535 ட்றைவர், செக்கியூர் பூட் (ஏற்ற கையொப்பம் இல்லாத நிரலை ஏற விடாத வசதி) ஒனிலை இருக்கு. புதுக் கேர்னல் தாற எச்டபிள்யூஈ பாக்கேஜ் போட்டு 6.8க்கு மாறினன். இப்ப திரை 1024×768இலேயே நிக்குது. காட் நிலையைக் காட்டுற ‘என்விடியா-எஸ்எம்ஐ’ அடிச்சால் ட்றைவரோடை தொடர்பு இல்லையாம். ட்றைவரை ரெண்டு தரம் கழட்டிப் போட்டாச்சு. 5.15இலை பூட் பண்ணினால் எல்லாம் சரி.

இன்னொண்டு, யூஎஸ்பி சீரியல் கேபிளைக் கழட்டேக்கை கேர்னல் ஊப்ஸ் (கேர்னலுக்குள்ளை வாற பிழை அறிக்கை) வருது. கேர்னல் செய்யிறவைக்கு முறையிட்டால் ‘டெயின்டட் கேர்னல்’ எண்டு திருப்பிவிட்டினம். ஏன்?

வடலி:
மூண்டாந்தரமும் கழட்டிப் போடாதேங்கோ, அதே பிழைதான் வரும். ஒவ்வொரு கேர்னலுக்கும் ஏற்ற மாதிரி மொடியூலை (கேர்னலுக்குள்ளை ஏறுற ட்றைவர் துண்டை) கட்டித் தாறது டிகேஎம்எஸ். ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ அடிச்சுப் பாருங்கோ. 6.8க்கு ‘இன்ஸ்டோல்ட்’ எண்டு வரி இல்லையெண்டால் மொடியூல் கம்பைல் ஆகேல்லை. வார், லிப், டிகேஎம்எஸ், என்விடியா, பதிப்பு எண், பில்ட் எண்ட கோப்புறை வழியிலை ‘மேக்.லொக்’ இருக்கும். அதிலை கடைசி வரியைப் பார்க்காமல், முதலாவது ‘எரர்’ வாற வரியைத் தேடி இங்கை போடுங்கோ.

5.15 கேர்னலை இப்போதைக்கு ‘ஓட்டோரிமூவ்’ பண்ணிப்போடாதேங்கோ. அதுதான் உங்களுக்குத் திரும்பிவர இருக்கிற வழி.

நாவற்குழி:
கம்பனித் தளத்திலை இருக்கிற ‘.ரன்’ கோப்பை இறக்கிப் போட்டால் முடிஞ்சுது.

வடலி:
வேண்டாம் தம்பி. ஏப்ட் (உபுண்டுவிலை பாக்கேஜ் போடுற கருவி) போட்ட கோப்புகளுக்கு மேலை அது எழுதும். பிறகு ஏப்ட் அப்டேட் வரேக்கை மொடியூல் ஒரு பதிப்பு, லைப்ரரி இன்னொரு பதிப்பு எண்டு நிக்கும்.

கொக்குவில்வாசி:
முதலாவது எரர்: ஜிசிசி கம்பைலருக்கு ‘-எஃப்ட்ரிவியல்-ஓட்டோ-வார்-இனிட்=சீரோ’ எண்ட ஒப்ஷன் தெரியாதாம்.

வடலி:
அப்ப காரணம் பிடிபட்டுது. 22.04இலை வழமையா இருக்கிறது ஜிசிசி 11. இந்த 6.8 கேர்னலைக் கட்டினது ஜிசிசி 12. அந்த ஒப்ஷன் ஜிசிசியிலை 12ஆம் பதிப்போடைதான் வந்தது.

‘ஜிசிசி-12’ பாக்கேஜைப் போட்டு, டிகேஎம்எஸ் பாக்கேஜையும் புதுப்பியுங்கோ. பிறகு சூடோவோடை ‘டிகேஎம்எஸ் ஓட்டோஇன்ஸ்டோல்’. அப்பவும் 11ஐத்தான் எடுக்குதெண்டால் ‘அப்டேட்-ஓல்டர்நேட்டிவ்ஸ்’ வழியா ஜிசிசியை 12க்குத் திருப்புங்கோ. கம்பைல் நடக்கேக்கை கரண்ட் போனால் பாக்கேஜ் அரைகுறையா நிக்கும். ‘டீபிகேஜி --கொன்ஃபிகர் -ஏ’ அடிச்சுத் தொடரலாம். யூபிஎஸ் இருந்தால் கொழுவிப்போட்டுச் செய்யுங்கோ.

கொக்குவில்வாசி:
கம்பைல் ஆகீற்றுது. ஆனால் மொடியூலை ஏத்த ‘மொட்ப்ரோப்’ அடிக்க ‘கீ வோஸ் ரிஜெக்டட்’ எண்டு வருது.

வடலி:
அது செக்கியூர் பூட். மொடியூலிலை டிகேஎம்எஸ் கையொப்பம் போட்டிருக்கு. அந்தச் சாவியை உங்கடை மெஷின் இன்னும் ஏற்கேல்லை. ‘மொக்யூட்டில் --இம்போர்ட்’ அடிச்சு, வார், லிப், ஷிம்-சைன்ட், மொக் கோப்புறையிலை இருக்கிற ‘மொக்.டெர்’ கோப்பைக் குடுங்கோ. ஒருதரம் பாவிக்கிற பாஸ்வேர்ட் ஒண்டு கேட்கும், இலக்கங்களா வையுங்கோ. ரீபூட்டிலை நீலத்திரை வரும், 10 செக்கனுக்குள்ளை ஒரு கீயை அமத்தவேணும், இல்லாட்டி கடந்துபோயிடும். ‘என்ரோல் மொக்’, ‘கன்டினியூ’, ‘யெஸ்’, பாஸ்வேர்ட். வயர் கீபோட் கொழுவுங்கோ, சில வயர்லெஸ் கீபோட் அந்த இடத்திலை வேலை செய்யாது.

பனங்கூடல்:
டெயின்ட் விஷயம்: வெளி மொடியூல் ஏறினால் கேர்னல் தன்னிலை ஒரு குறி எண் போட்டு வைக்கும். ப்ரொக், சிஸ், கேர்னல் கோப்புறையிலை ‘டெயின்டட்’ கோப்பை வாசியுங்கோ. மூல நிரல் தராத, மூடின மொடியூலுக்கு 1, கேர்னல் மரத்துக்கு வெளியிலை கட்டினதுக்கு 4096, செல்லுபடியான கையொப்பம் இல்லாததுக்கு 8192. சாவி ஏத்தினாப்பிறகு உங்களுக்கு 1உம் 4096உம் சேர்ந்து 4097 வரவேணும். மூல நிரல் தெரியாத ஒண்டு கேர்னலுக்குள்ளை எங்கை நினைவகத்தைக் குழப்பினதெண்டு ஒருத்தராலையும் தேடேலாது, அதாலைதான் திருப்பிவிட்டவை. நியாயமான காரணம்.

மொடியூலைக் கழட்டினாலும் அந்த எண் அழியாது. உபுண்டு லைவ் யூஎஸ்பியிலை பூட் பண்ணி, 0 எண்டு பார்த்துப்போட்டு, கேபிளைக் கழட்டி ஊப்ஸ் வருதோ பாருங்கோ. வந்தால் அந்த லொக்கோடை திரும்ப முறையிடுங்கோ.

வேறை வழியும் இருக்கு. 2022 மே மாதம் என்விடியா தன்ரை கேர்னல் மொடியூலை எம்ஐடி, ஜிபிஎல் எண்ட இரட்டை உரிமத்திலை திறந்துவிட்டது. டூரிங் தலைமுறையிலிருந்து வாற காட்டுகளுக்கு அது ஓடும், 1650 டூரிங்தான். ‘-ஓப்பன்’ எண்டு முடியிற பாக்கேஜைப் போட்டால் 1 போய் 4096 மட்டும் மிஞ்சும். ஆனால் காட்டுக்குள்ளை ஓடுற ஜிஎஸ்பி ஃபேர்ம்வெயரும் ஓப்பன்ஜிஎல், கூடா லைப்ரரிகளும் இன்னும் மூடினதுதான்.

கொக்குவில்வாசி:
நீலத்திரை முதல்தரம் தவறிப்போச்சு, ரெண்டாந்தரம் சரி. 1920×1080 வந்திட்டுது, எண் 4097. லைவ் யூஎஸ்பியிலை 0. கேபிளைக் கழட்ட ஊப்ஸ் அங்கையும் வருது. அந்த லொக்கை இப்ப அனுப்பியாச்சு.