ஓவன் காயில் மறுபடி சென்னையின் எஃப்.சி. கோச் (2023 ஜூலை): நல்ல முடிவா, பழைய பாசமா?

மெரினா_நீலம்:
அறிவிப்பு வந்தாச்சு. ஐ.எஸ்.எல். கால்பந்துல ஆடுற நம்ம சென்னையின் எஃப்.சி.க்கு ஓவன் காயில் கோச்சா திரும்பி வர்றார். 2019 நவம்பர் கடைசியில அப்போதைய கோச் ஜான் கிரிகரி விலகினப்போ ஆறு மேட்ச்ல ஒண்ணுதான் ஜெயிச்சிருந்தோம். அந்த டீமை அப்படியே எடுத்து ஃபைனல் வரைக்கும் கொண்டு போனவர் இவர். அவர் போனப்புறம் லாஸ்லோ, பாண்டோவிச், பர்டாரிச்னு மூணு சீசனுக்கு மூணு பேர். மூணு சீசனும் எட்டாவது இடம். ரொம்ப நாளுக்கு அப்புறம் நம்பிக்கையோட சீசனை எதிர்பார்க்கிறேன்.

கணக்கு_வாத்தி:
சந்தோஷம் புரியுது நண்பா. ஆனா அந்த டீம் இப்ப எங்க? 15 கோல் போட்டு, அதிக கோலுக்கான கோல்டன் பூட் வாங்கின வால்ஸ்கிஸ் அந்த சீசன் முடிஞ்சதும் காயில் பின்னாடியே ஜாம்ஷெட்பூர் டீமுக்குப் போனார். சாங்டே மும்பைல இருக்கான். தாபாவும் இப்பதான் மோகன் பகானுக்குக் கையெழுத்து போட்டான். கோச் திரும்பி வரலாம், அந்த முன்வரிசை திரும்பி வராது.

வியாசை_விங்கர்:
அண்ணே, 2020 பிப்ரவரி 1, கொச்சி. கேரளா பிளாஸ்டர்ஸ் கோட்டையில போய் 6-3னு ஜெயிச்சோம். கிரிவெல்லாரோ ரெண்டு, வால்ஸ்கிஸ் ரெண்டு, சாங்டே ரெண்டு. இடைவேளைக்குள்ளயே மூணு கோல். ஞாபகம் இருக்கா? கிரிகரிகிட்டயும் இதே பசங்கதான் இருந்தாங்க, கோல் வரலையே! மேல ஏறி பந்தைப் பிடுங்கு, பிடுங்கின உடனே கிரிவெல்லாரோ கால்ல குடு, ரெண்டு பக்கமும் ஓடுன்னு காயில் வந்துதான் மாத்தினார். ஆள் மாறினாலும் அந்தப் பழக்கத்தைப் புதுப் பசங்களுக்கும் சொல்லிக் குடுக்கலாம்ல?

கணக்கு_வாத்தி:
தம்பி, அதே மேட்ச்ல பிளாஸ்டர்ஸோட ஓக்பெச்சே நம்ம மேல ஹாட்ரிக் போட்டான். செமிஃபைனல்ல இங்க 4-1னு கோவாவை அடிச்சோம், அங்க போய் 4-2 தோத்து, மொத்தத்துல 6-5னு மயிரிழையில தப்பிச்சோம். ஃபைனல்ல கொல்கத்தா டீம் ஏ.டி.கே.கிட்ட 3-1னு தோத்தோம். இந்த நாலு மேட்ச்ல மட்டும் பதினொரு கோல் வாங்கியிருக்கோம். ஆறு கோல் போடுற டீமுக்கு இது தாங்கும். இப்ப இருக்கிற டீமுக்குத் தாங்குமா?

மெரினா_நீலம்:
டிஃபென்ஸ் தெரியாதவர்னா 2021-22ல அவர் கோச்சா இருந்த ஜாம்ஷெட்பூருக்கு, லீக்ல முதலிடம் வர்ற டீமுக்குக் குடுக்கிற லீக் ஷீல்டு எப்படிக் கிடைச்சது? கடைசி ஏழு மேட்சும் வரிசையா ஜெயிச்சு, 20 மேட்ச்ல 43 பாயின்ட். பின்னாடி ஹார்ட்லி, கூடவே நம்மகிட்ட ஆடின எலி சாபியா. முன்னாடி கிரெக் ஸ்டீவர்ட். பின்வரிசை நடுவுல நிக்கிற சரியான சென்டர் பேக் இருந்தா அவர் டீம் கட்டுக்கோப்பாவும் ஆடும். 2019-20ல அவர் வந்தது சீசன் நடுவுல. யார் யார் வேணும்னு கேட்டு எடுக்க அவருக்கு ஏது நேரம்? இந்தத் தடவை ஜூலைலயே வந்துட்டார்.

டர்ஃப்மூர்_ரசிகன்:
நான் காயில் முன்னாடி கோச்சா இருந்த இங்கிலாந்து கிளப் பர்ன்லியையும் பார்க்கிறவன், அதனால சொல்றேன். 2009ல பர்ன்லியை பிரீமியர் லீக்குக்கு ஏத்தினார், அந்த ஆகஸ்ட்லயே மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 அடிச்சாங்க. அடுத்த ஜனவரியில சீசன் பாதியில போல்டனுக்குக் கிளம்பிட்டார். பர்ன்லி அந்த வருஷமே கீழ் டிவிஷனுக்கு இறங்குச்சு. 2012ல போல்டனும் இறங்குச்சு. விகன்ல அரை சீசன் கூட முடியல. நம்மளை விட்டுப் போனதும் ஃபைனல் முடிஞ்ச கையோட. ஜாம்ஷெட்பூர்ல ஷீல்டு வாங்கின கையோட ஸ்காட்லாந்து. திறமையைப் பத்தி எனக்கு சந்தேகமே இல்ல, நிலைச்சு நிப்பாரான்னுதான் பயம். மூணு வருஷமா ஆட்டம் கண்ட கிளப்புக்கு வேர் விடுற ஆள் வேணும்.

வியாசை_விங்கர்:
போனவர் சும்மா உட்காரலையே அண்ணே. ஸ்காட்லாந்துல அவர் கோச்சா போன குயின்ஸ் பார்க், கீழ் டிவிஷன்ல இருந்து அப்பதான் மேல வந்த டீம். அதை வச்சுக்கிட்டு டண்டி டீமோட சீசன் கடைசி நாள் வரைக்கும் முதலிடத்துக்கு மோதினார். அந்தக் கடைசி மேட்ச் டண்டிகிட்ட 5-3னு தோத்தது வலிதான், ஆனா அந்த இடத்துக்கு வந்ததே பெருசு.

கணக்கு_வாத்தி:
பார்த்தியா, மறுபடி அஞ்சு கோல் வாங்கியிருக்கார்! நான் சொல்ற விஷயம் இதுதான்.

டர்ஃப்மூர்_ரசிகன்:
வாத்தி சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா எல்லாத்தையும் கோச் தலையில போடவும் கூடாது. தாபா போனது காயில் வர்றதுக்கு முன்னாடி. நடு மைதானத்துல அவன் இடத்துக்கு ஆள் எடுக்க கிளப் காசு செலவழிக்கணும். அதைச் செய்யாம பெரிய பேரை மட்டும் போஸ்டர்ல போட்டா இந்த வருஷமும் எட்டாவதுதான்.

மெரினா_நீலம்:
அது நூத்துக்கு நூறு உண்மை. ஆனா இந்திய வீரர்களை அவர் கையாளுற விதத்துக்காகவே எனக்கு இந்த முடிவு பிடிச்சிருக்கு. 2019-20ல சாங்டே ஆட்டம் எங்க இருந்து எங்க போச்சு! ஓடத் தெரிஞ்ச பையன் அந்த சீசன்ல கோல் அடிக்கிற பையனா மாறினான். அதே மாதிரி ரெண்டு பேர் வந்தா போதும்.

வியாசை_விங்கர்:
அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் நம்ம ஊர்ப் பையனா இருக்கணும். 2017-18 கப் ஜெயிச்ச டீம்ல வியாசர்பாடி தன்பால் கணேஷ் நடுவுல நின்னு ஆடினார். அவரைப் பார்த்து இங்க எத்தனை பசங்க ஷூ கட்டினாங்க தெரியுமா? காயில் சென்னை லீக் மேட்சையும் நேர்ல வந்து பார்க்கணும்.

கணக்கு_வாத்தி:
இதுல நான் உன் பக்கம் தம்பி. கூடவே உயரமா, தலையில ஜெயிக்கிற சென்டர் பேக் ஒருத்தர். அவர் வந்துட்டார்னு அறிவிப்பு வரட்டும், அப்புறம் நானும் சீசன் டிக்கெட் எடுக்கிறேன்.