ஓம்னி கேம்பர்: ஐடிலில் நடுக்கம், கியர் போட்டால் 'டொக்'. இன்ஜின் மவுண்டிங் வீட்டிலேயே மாற்றலாமா?

கொல்லிமலை வேன்:
எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2008 ஓம்னி, எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லை, ஒவ்வொரு சிலிண்டருக்கும் இன்ஜெக்டர் பெட்ரோல் பீய்ச்சும் வகை). பின்பக்கம் படுக்கைப் பலகை, சின்ன அலமாரி, ஒரு தண்ணீர் கேன் என்று நானே வைத்துக்கொண்ட வீடு. போன மாதம் கொல்லிமலை போய் வந்தோம். 70 கொண்டை ஊசியும் பெரும்பாலும் முதல் கியர், இரண்டாம் கியர்தான். இறங்கி வந்ததிலிருந்து பிரச்சினை. சிக்னலில் ஐடிலில் நின்றால், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் மட்டும் ஓடினால், அலமாரியில் இருக்கிற எவர்சில்வர் டம்ளர்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்கின்றன. கிளட்சை விடும்போது சீட்டுக்கு அடியில் 'டொக்' என்று ஒரு அடி. ரிவர்ஸில் அது இன்னும் அதிகம். கியர் லீவரும் கூடவே ஆடுகிறது.

பட்டறையில் பார்க்காமலேயே "மவுண்டிங் போயிருக்கும், மூன்றையும் மாற்று" என்றார்கள். இன்ஜினைத் தாங்குகிற மூன்று ரப்பர் கட்டைகளைத்தான் சொல்கிறார்கள். கூலி கேட்டதும் நாமே செய்தால் என்ன என்று தோன்றியது. ஆயில், பிரேக் பேடு எல்லாம் வீட்டில் மாற்றிப் பழக்கம் உண்டு. இன்ஜினைத் தூக்கியதில்லை. தைரியமாக இறங்கலாமா?

பழைய ஸ்பானர்:
இறங்கலாம் தம்பி. ஆனால் மவுண்டிங்தான் என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஓம்னியில் இருப்பது மூன்று சிலிண்டர். நல்ல மவுண்டிங் இருந்தாலும் ஐடிலில் கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடித்தால், அதாவது எரியாமல் விட்டுப்போனால், இதே நடுக்கம் இரண்டு மடங்காகும். உங்களுடையது எம்.பி.எஃப்.ஐ என்பதால் பிளக் வயரைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். ஐடிலில் ஓடும்போது இன்ஜெக்டர் சாக்கெட்டை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். எதைக் கழற்றியும் இன்ஜின் சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை.

அது சரியாக இருந்தால் அடுத்த சோதனை. முன் சீட்டைத் தூக்கி இன்ஜின் மூடியைக் கழற்றுங்கள். வீட்டில் ஒருவரை உட்காரவைத்து ஹேண்ட்பிரேக், கால்பிரேக் இரண்டையும் இறுக்கிப் பிடித்து, முதல் கியரில் கிளட்சை இன்ஜின் லேசாகத் திணறும் அளவுக்கு மட்டும் விடச் சொல்லுங்கள். அப்புறம் ரிவர்ஸில் அதே மாதிரி. நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. முதல் கியரில் ஒரு பக்கம் எழும், ரிவர்ஸில் மறுபக்கம் எழும். லேசாக அசைவது இயல்பு. இரும்பும் ரப்பரும் பிரிந்து நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அந்த மவுண்டிங் போய்விட்டது.

'டொக்' சத்தத்துக்கு இன்னொரு சந்தேகம் ஷாஃப்ட் கிராஸ், அதாவது பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டின் மூட்டு. சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் ஷாஃப்டைக் கையால் முன்னும் பின்னும் திருகிப் பாருங்கள்.

கொல்லிமலை வேன்:
பார்த்துவிட்டேன் அண்ணா. மூன்று சிலிண்டரும் ஓடுகின்றன, கிராஸில் ஆட்டம் இல்லை. ரிவர்ஸில் சைலன்சர் பக்கத்து மவுண்டிங் வாயைப் பிளக்கிறது. என் சுண்டுவிரல் போகும். அந்தப் பக்கம் முழுக்கக் கறுப்பாக ஆயில் பிசுபிசுப்பு.

ரோட்டோர டீ:
நான் என் பழைய வண்டியில் கிழிந்த மவுண்டிங்கைக் கழுவிக் காயவைத்து, கண்ணாடி ஒட்டும் பசையை ஊற்றி அடைத்தேன். நன்றாகத்தான் ஓடியது. செலவும் குறைவு.

பழைய ஸ்பானர்:
எத்தனை நாள் ஓடியது என்பதையும் சொல்லுங்கள் சார். அந்தப் பசை இறுகினால் ரப்பரைவிடக் கெட்டி. அதிர்வு அப்படியே பாடிக்கு இறங்கும். படுத்துத் தூங்குகிற வண்டியில் அது வேண்டாம். பந்தயக் காருக்குப் போடும் கெட்டி மவுண்டிங்கும் இதே காரணத்தால் வேண்டாம். சென்னை புதுப்பேட்டையில் பழசு வாங்குவதும் வீண், ரப்பர் வயதாகிக் கெடும் பொருள். ஜி.பி. ரோட்டில் புதிதாக மூன்றும் வாங்குங்கள். இரண்டு புதிது, ஒன்று பழசு என்று விட்டால் பழசு சீக்கிரம் கிழியும்.

தம்பி, அந்த ஆயில்தான் காரணம். டேப்பட் கவர் (சிலிண்டர் ஹெட்டின் மேல்மூடி) பேக்கிங் கசிந்து ரப்பர்மேல் இறங்கியிருக்கும். ஆயில் பட்டால் ரப்பர் ஊதி, மெத்தென்று ஆகி, இரும்பை விட்டுவிடும். பக்கத்தில் சைலன்சர் சூடு வேறு. பேக்கிங்கை மாற்றாமல் புது மவுண்டிங் போட்டால் அதுவும் அதே கதிதான்.

வேலை முறை: முந்தின நாள் ராத்திரியே போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். சமையல் சிலிண்டரை வண்டியிலிருந்து இறக்குங்கள், பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். வண்டியைத் தூக்கி இரும்பு ஸ்டாண்டுகள்மேல் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஆயில் சம்ப்புக்கு (இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தட்டு) அடியில் அகலமான மரப்பலகை வைத்து, அதன்மேல் ஜாக்கி. பலகை இல்லாமல் வைத்தால் சம்ப் நசுங்கும். மவுண்டிங்கிலிருந்து பாரம் விலகும் அளவுக்குத் தூக்கினால் போதும். தூக்கும்போது ரேடியேட்டர் ஹோஸ், கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் எதுவும் இழுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். ஒவ்வொன்றாக மாற்றுங்கள், மூன்றையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள்.

புதியதைப் போட்டதும் முறுக்கிவிடாதீர்கள். எல்லாப் போல்ட்டையும் கையால் ஏற்றி, ஜாக்கியை இறக்கி, இன்ஜின் பாரம் ரப்பர்மேல் உட்கார்ந்த பிறகு கையால் இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டு, அப்புறம் முடுக்குங்கள். இல்லையென்றால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும்.

கொல்லிமலை வேன்:
ஞாயிறு காலை ஆரம்பித்து மாலை நாலு மணிக்கு முடித்தேன். பக்கவாட்டு இரண்டையும் கழற்றுவது பரவாயில்லை. கியர்பாக்ஸைத் தாங்கும் கிராஸ் மெம்பரில் (குறுக்குச் சட்டம்) ஒரே ஒரு போல்ட் என்னை ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்தது. சைலன்சர் பக்கத்து மவுண்டிங்கை எடுத்தபோது இரும்பு ஒரு கையில், ரப்பர் ஒரு கையில். நகத்தால் கீறினால் ரப்பர் களிமாதிரி வழிகிறது. பேக்கிங்கும் மாற்றிவிட்டேன்.

ஆனால் இப்போது புதுத் தலைவலி. செல்ஃப் அடித்தால் 'டிக்' என்றுவிட்டு மெதுவாக முனகுகிறது. ஹெட்லைட், ஹாரன் எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன. மூன்றாம் தடவை அடித்தபோது பெடல் பக்கம் கிளட்ச் கேபிளிலிருந்து லேசாகப் புகை! பேட்டரியை உடனே கழற்றிவிட்டேன். செல்ஃப் மோட்டார் போய்விட்டதா?

பழைய ஸ்பானர்:
செல்ஃபை மறுபடி அடிக்காதீர்கள். மோட்டார் நன்றாகத்தான் இருக்கும். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையை மாட்ட மறந்திருக்கிறீர்கள். இன்ஜின் ரப்பர்மேல் உட்கார்ந்திருப்பதால் பாடிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு அந்தப் பட்டைதான். அது இல்லாததால் செல்ஃபின் கரண்ட் அவ்வளவும் கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பப் பார்த்தது. அதனால்தான் புகை. ஹெட்லைட்டுக்கு பாடி எர்த் போதும், அது எரியும்.

கொல்லிமலை வேன்:
கியர்பாக்ஸ் ஓரத்தில் பட்டை தொங்கிக்கொண்டிருந்தது அண்ணா. போல்ட் சட்டைப்பையில்! பாடி பக்கத்து முனையில் துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு மாட்டினேன், ஒரே அடியில் ஸ்டார்ட். கிளட்ச் கேபிளின் உறை உருகியிருந்ததால் அதையும் மாற்றிவிட்டேன்.

'டொக்' சுத்தமாக இல்லை, டம்ளரும் அமைதி. ஆனால் ஐடிலில் மட்டும் தரைக்கு அடியிலிருந்து ஒரு 'ர்ர்ர்' சத்தம் வருகிறது. முன்னால் இது இல்லை.

பழைய ஸ்பானர்:
சைலன்சர் பைப். பழைய மவுண்டிங் அமுங்கி இன்ஜின் தாழ்ந்து கிடந்த காலத்தில் பைப்பும் அந்த உயரத்துக்கே பழகியிருக்கும். இப்போது இன்ஜின் ஏறிவிட்டது, பைப் எங்கோ பாடியைத் தொடுகிறது. வண்டி ஆறிய பிறகு பைப் ஜாயின்ட் போல்ட்டைத் தளர்த்தி, தொங்கும் ரப்பர்களில் பைப் தன் இடத்தில் நேராக உட்கார்ந்ததும் திரும்ப முடுக்குங்கள்.

கொல்லிமலை வேன்:
அதேதான். கிராஸ் மெம்பர் ஓரத்தில் பைப் உரசிப் பளபளவென்று ஒரு கோடு. சரிசெய்தாகிவிட்டது. மவுண்டிங் போல்ட்டுகளை 500 கி.மீ. கழித்து ஒருமுறை பார்க்கிறேன்.