புதுப்பிப்பு: டெபியனில் எக்ஸ்ஃபேட் ஆக்கிய டிஸ்க் இப்போது விண்டோஸிலும் திறக்கிறது

வழி சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பின்னால் தேடி வருபவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மண்டபம், பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களை வைத்து எடுத்த வீடியோக்களைக் கீழக்கரையில் இருக்கும் எடிட்டருக்குக் கொடுக்க வேண்டும். அவரிடம் விண்டோஸ், என்னிடம் டெபியன் 12 என்ற லினக்ஸ். டிஸ்கை எதில் ஃபார்மேட் செய்வது?

ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறைமை சரிவராது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டுமே படிக்கும் எக்ஸ்ஃபேட் முறைமைக்காக எக்ஸ்ஃபேட்ப்ராக்ஸ் (exfatprogs) தொகுப்பை நிறுவச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 5.7-இலிருந்தே எக்ஸ்ஃபேட்டைப் படிக்கவும் எழுதவும் தனியாக எதுவும் வேண்டாம், ஃபார்மேட் செய்யத்தான் இந்தத் தொகுப்பு. அதிலுள்ள எம்கேஎஃப்எஸ்.எக்ஸ்ஃபேட் (mkfs.exfat) கட்டளை உடனே வேலையை முடித்தது.

எதிர்பாராதது அதற்கப்புறம்தான். எடிட்டரின் கணினியில் டிரைவ் எழுத்தே வரவில்லை! ஃபார்மேட் கட்டளை கோப்பு முறைமையை மட்டுமே எழுதும், டிஸ்கின் பிரிவுகளையும் அவற்றின் வகையையும் குறித்து வைக்கும் பார்ட்டிஷன் அட்டவணையில் உள்ள வகையை மாற்றாது. என் டிஸ்கில் இருந்த ஜிபிடி (GPT) என்ற வகை அட்டவணையில் அந்தப் பிரிவு இன்னும் ‘லினக்ஸ் ஃபைல்சிஸ்டம்’ என்றே இருந்தது. "வகையையும் பாருங்கள்" என்று ஒருவர் ஒரே வரியில் எழுதியிருந்தார், அந்த வரிக்குத் தனி நன்றி. டிஸ்கை அன்மவுன்ட் செய்துவிட்டு (அதாவது கணினியிலிருந்து முறையாக விடுவித்துவிட்டு), பார்ட்டிஷன்களைத் திருத்தும் எஃப்டிஸ்க் (fdisk) கருவியில் ‘டி’ (t, d அல்ல) அழுத்தி, ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டேட்டா’ வகையைத் தேர்ந்து, ‘டபிள்யூ’ (w) கொடுத்துச் சேமித்தேன். வீடியோக்கள் அப்படியே இருந்தன, விண்டோஸிலும் டிரைவ் வந்துவிட்டது.

இன்னொன்று: எழுதும் வேலை பாதியில் நின்றால் கோப்பு முறைமையைச் சரிசெய்ய உதவும் பதிவேடான ஜர்னல் எக்ஸ்ஃபேட்டில் கிடையாது. காற்றுக்காலத்தில் அடிக்கடி கரண்ட் போகும் எங்கள் பக்கத்தில், அன்மவுன்ட் செய்யாமல் கேபிளைப் பிடுங்கவே வேண்டாம்.