மின்சுற்றுப் பாடத்தில் சிமுலேஷனை எந்த இடத்தில் பயன்படுத்துவது?

பி.எட். மாணவி, இயற்பியல் அறிவியல்:

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம். நான் இரண்டாம் ஆண்டு பி.எட். படிக்கிறேன். விரைவில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்குச் செல்ல இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் மின்னோட்டம் பற்றிய பாடத்தை எனக்கு ஒதுக்கியுள்ளார்கள். பள்ளியில் ஒரு புரொஜெக்டரும் ஒரு மடிக்கணினியும் உள்ளன; இணைய இணைப்பை நம்ப முடியாது. பாடநூலின் கியூஆர் குறியீட்டுக் காணொளிகள், தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலி, ஃபெட் (PhET) சிமுலேஷன்கள் (சோதனைகளைக் கணினித் திரையில் செய்துபார்க்கும் மாதிரிகள்) எனப் பலவற்றைப் பார்த்துவிட்டேன். திரையை மாணவர்கள் ஆவலோடு பார்ப்பார்கள் என்பதில் ஐயமில்லை. பார்த்து முடித்தபின் அவர்களுக்கு என்ன புரிந்திருக்கும் என்பதே என் கவலை. பாடத்தின் எந்த இடத்தில், எவ்வளவு நேரம் இவற்றைப் பயன்படுத்தலாம் என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

இயற்பியல் ஆசிரியர்:

உங்கள் கவலை மிகச் சரியானது. கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன்பு, அந்தப் பாடத்தில் மாணவர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். மின்சுற்றைப் பொறுத்தவரை அந்த இடம் தெளிவானது: மின்கலத்திலிருந்து புறப்படும் மின்னோட்டத்தில் ஒரு பகுதியை மின்விளக்கு தீர்த்துவிடுகிறது, மிச்சம்தான் மின்கலத்துக்குத் திரும்புகிறது என்று பல மாணவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். பேட்டரி தீர்ந்துபோவதை வீட்டில் பார்த்த பிள்ளைகள் அப்படி நினைப்பது இயல்பே. விளக்கில் ஆற்றல்தான் ஒளியாகவும் வெப்பமாகவும் மாறுகிறது, மின்னோட்டம் குறைவதில்லை என்று எத்தனை முறை சொன்னாலும், தேர்வுக்காக அதை எழுதிவிட்டுப் பழைய எண்ணத்தையே மனத்தில் வைத்திருப்பார்கள்.

ஃபெட் சிமுலேஷனுக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. 2001-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான கார்ல் வீமன், 2002-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் அது. அதன் மின்சுற்றுச் சிமுலேஷனில் கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நகர்வது தெரியும். விளக்குக்கு முன்னும் பின்னும் அம்மீட்டரை (மின்னோட்டத்தை அளக்கும் கருவி) வைத்து அளந்து பார்க்கலாம். ஆனால் உடனே இயக்கிக் காட்டிவிடாதீர்கள். முதலில் ஒரு மின்கலம், ஒரு சிறு விளக்கு, இரண்டு கம்பிகளைக் கொண்டு விளக்கை மாணவர்களையே எரியச் செய்யுங்கள். அடுத்து, சிமுலேஷனில் விளக்குக்கு முன்னும் பின்னும் வைக்கும் இரண்டு அம்மீட்டர்களும் என்ன அளவைக் காட்டும் என்பதையும் அதற்கான காரணத்தையும் ஒவ்வொருவரும் குறிப்பேட்டில் எழுதட்டும். எழுதிய பிறகே திரையை இயக்குங்கள். தான் எழுதியதற்கு மாறாக இரண்டும் ஒரே அளவைக் காட்டும்போது எழுகிற கேள்வியைத்தான் நீங்கள் பாடமாக நடத்த வேண்டும். திரைக்குப் பத்து நிமிடம் போதும். மீதி நேரம் பேச்சுக்கும் கரும்பலகைக்கும் உரியது.

சிமுலேஷன் கைச்சோதனைக்கு எப்போதும் ஒரு படி கீழானது என்றும் எண்ண வேண்டாம். அதே பல்கலைக்கழகத்தில் நடந்து 2005-இல் வெளிவந்த ஆய்வொன்றில், சிமுலேஷன் வழியாகப் பயின்ற மாணவர்கள், உண்மைக் கருவிகளோடு பயின்றவர்களைவிடக் கருத்துப் புரிதலில் மட்டுமல்ல, உண்மையான மின்சுற்றை அமைத்து அதை விளக்குவதிலும் சிறப்பாகச் செய்தார்கள். அவர்கள் கல்லூரி மாணவர்கள் என்பதால், ஒன்பதாம் வகுப்புக்கு இரண்டும் வேண்டும் என்பதே என் கருத்து.

ஓர் எச்சரிக்கை. திரையில் எலக்ட்ரான்கள் எதிர்முனையிலிருந்து நேர்முனைக்குச் செல்லும். பாடநூல்கள் வழக்கமாகக் குறிக்கும் மரபு மின்னோட்டத்தின் திசை அதற்கு நேர்மாறானது. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் வகுப்பு குழம்பும். மரபு மின்னோட்டத்தைக் காட்டும் தெரிவும் அதிலேயே உண்டு. உண்மைக் கம்பியில் எலக்ட்ரான்கள் மிக மெதுவாகவே நகர்கின்றன என்பதையும் சொல்லிவிடுங்கள். இணையம் ஒரு தடையில்லை. ஒவ்வொரு சிமுலேஷனையும் தனிக் கோப்பாக முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் உலாவியிலேயே இயங்கும்.

கணித ஆசிரியை:

வடிவங்களைத் திரையில் வரைந்து நகர்த்திப் பார்க்க உதவும் ஜியோஜீப்ரா மென்பொருளைப் பயன்படுத்தும்போது எனக்கும் இதே அனுபவம்தான். அரைவட்டத்தில் அமையும் கோணத்தின் உச்சியை நகர்த்த நகர்த்தக் கோணம் 90 பாகையாகவே நிற்பதைக் கண்டவுடன், நிரூபணம் முடிந்துவிட்டது என்று மாணவர்கள் நினைத்துவிடுகிறார்கள். ஏன் மாறவில்லை என்று அங்கேயே நிறுத்திக் கேட்க வேண்டும்.

பி.எட். மாணவி:

இருவருக்கும் மிக்க நன்றி. எழுதிய பிறகே திரை என்ற வரிசையைப் பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொண்டேன். வகுப்பில் நாற்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இருக்கிறார்கள். கையுயர்த்தும் நால்வரைத் தவிர மற்றவர்களின் ஊகத்தை நான் எப்படி அறிவது? மாணவர்களிடம் கைப்பேசி இல்லை.

இயற்பியல் ஆசிரியர்:

மாணவர்களுக்குக் கைப்பேசி தேவையில்லை. பிளிக்கர்ஸ் என்ற செயலிக்கு உங்கள் கைப்பேசியும் அதன் டேட்டாவும் போதும். ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனி வடிவம் அச்சிட்ட அட்டை ஒன்றைக் கொடுங்கள். அதை எந்தப் பக்கம் மேலே வருமாறு பிடிக்கிறார் என்பதே அவருடைய விடை. கேமராவை வகுப்பின் மீது ஓட்டினால் அனைவரின் விடைகளும் பதிவாகிவிடும். அருகிலிருப்பவர் பார்த்து எழுதுவதும் கடினம், ஏனெனில் அட்டையின் பக்கங்களில் அச்சிட்ட விடை எழுத்துகள் மிகச் சிறியவை. செயலியில் மாணவர்களின் பெயரை ஏற்றாமல் வரிசை எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வலியுறுத்துகிறது. பயிற்சி ஆசிரியராகச் செல்லும் நீங்கள் தலைமையாசிரியரிடமும் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெறுவது நல்லது. அட்டைகளுக்குப் பளபளப்பான லேமினேஷன் செய்ய வேண்டாம். சன்னல் வெளிச்சம் பட்டால் கேமராவால் அவற்றைப் படிக்க இயலாது.