ரத்தக்கட்டி ஸ்ட்ரோக்: கட்டியைக் கரைப்பது தவிர மூளையைக் காக்க மருந்து உண்டா?

செவிலிய மாணவி:
ரத்தக்குழாய் அடைத்து வரும் ஸ்ட்ரோக்குக்கு மூளையைக் காக்கும் என்று சிட்டிகோலின், எடராவோன் போன்ற மருந்துகளை எழுதுகிறார்கள். எலிகளில் நன்றாக வேலை செய்த மருந்துகள் மனிதரிடம் ஏன் எடுபடுவதில்லை? முதல் 24 மணி நேரத்தில் மூளையைக் காப்பது எது?

நரம்பியல் மருத்துவர்:
அடைப்பின் மையம் சீக்கிரமே செத்துவிடும். அதைச் சுற்றியுள்ள பெனும்ப்ரா, பக்கக் கிளைக்குழாய்கள் தரும் சொற்ப ரத்தத்தில் வேலையை நிறுத்திவிட்டு உயிரை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். நாம் காப்பாற்ற வேண்டியது அதைத்தான்.

ஆய்வகத்தில் இளம் எலிக்குச் சில நிமிடங்களில் மருந்து போகும், குழாயையும் திறந்துவிடுவார்கள். மனிதருக்கோ பல மணி நேரம் கழித்து, குழாய் மூடியே இருக்கும்போது கொடுக்கிறோம். மருந்து அங்கே எப்படிப் போய்ச் சேரும்? என்எக்ஸ்ஒய்-059 என்ற மூளைக் காப்பு மருந்து 2006இல் நம்பிக்கை தந்தது, 2007இல் வந்த பெரிய ஆய்வில் தோற்றது. சிட்டிகோலினும் 2012இன் பெரிய ஆய்வில் பலன் காட்டவில்லை. மக்னீசியத்தை ஆம்புலன்ஸிலேயே, 2 மணி நேரத்துக்குள் ஏற்றியும் வித்தியாசம் இல்லை. நெரினெடைடு என்ற மருந்து இன்னொரு பாடம்: கட்டியைக் கரைக்கும் ஊசியால் உருவாகும் பிளாஸ்மின் என்ற நொதி அந்த மருந்தையே வெட்டிவிடுகிறது.

ஆக, இன்றைக்கு உறுதியான மூளைக் காப்பு குழாயைத் திறப்பதுதான். அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசியான ஆல்டிப்ளேஸ்: கிலோவுக்கு 0.9 மி.கி., உச்சம் 90 மி.கி.; 10 சதவீதம் ஒரே தள்ளாக, மீதி 60 நிமிடத்தில். பெரிய குழாய் அடைத்திருந்தால் கட்டியைக் குழாய்வழியே எடுப்பது. ஸ்கேனில் காப்பாற்றத்தக்க பகுதி தெரிந்தால் 24 மணி நேரம் வரைகூட.

செவிலிய மாணவி:
பிபி 200/110 இருந்தால் உடனே இறக்க வேண்டாமா சார்?

தீவிர சிகிச்சை செவிலியர்:
கரைக்கும் ஊசி போடுவதென்றால் முதலில் 185/110க்குக் கீழே கொண்டுவர வேண்டும். போட்ட பின் 24 மணி நேரம் 180/105க்குள். முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, அடுத்த 6 மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, பிறகு மணிக்கு ஒருமுறை பாருங்கள். ஊசியும் இல்லை, கட்டி எடுப்பதும் இல்லை, இதயம், சிறுநீரகத்தில் அவசரமும் இல்லை என்றால் 220/120 வரை விட்டுவிடலாம். பெனும்ப்ராவுக்குக் கிடைக்கும் ரத்தம் அந்த அழுத்தத்தை நம்பித்தான் இருக்கிறது. நாக்கடியில் நிஃபெடிபின் என்ற பிபி மருந்தை வைக்கவே வைக்காதீர்கள். பிபி சடாரென்று விழும், உயிரோடிருந்த பகுதியும் போய்விடும்.

சர்க்கரை 140–180க்குள் இருக்கட்டும். 60க்குக் கீழே போனால் உடனே குளுக்கோஸ். காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டினால் பாராசிட்டமால். ஆக்சிஜன் அளவு 94க்குக் குறைந்தால் மட்டும் ஆக்சிஜன். விழுங்கும் சோதனை முடியாமல் வாயில் தண்ணீரோ மாத்திரையோ கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

நரம்பியல் மருத்துவர்:
ஒன்று விட்டுப்போயிற்று. கரைக்கும் ஊசி போட்டவருக்கு ஆஸ்பிரின் 24 மணி நேரம் கழித்து, மறு ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்த பிறகுதான்.