ஆளறிதலும் இனங்காணலும்: பழைய ஸ்பீடுவே ஒளிப்படக் கையேட்டுக்கான கலைச்சொற்கள்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஸ்பீடுவே என்னும் மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் பழைய ஒளிப்படங்களில் இருப்பவர் யார் என்று கண்டறியும் முறைகளைப் பற்றிய தமிழ்க் கையேட்டுக்குச் சொற்கள் வேண்டும் என்று தொடங்கிய இந்த இழையில், இதுவரை வந்த மடல்களுள் பெரும்பாலானவை அந்த விளையாட்டின் பெயரையே சுற்றி வருகின்றன. அதற்கு முன்மொழியப்பட்ட வேகவழி, வேகத்தடம் ஆகிய இரண்டையும் நான் ஏற்கவில்லை. நீள்வட்டத் தடத்தில் நான்கு பேர் நான்கு சுற்று ஓடி ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலே முடித்துவிடும் இந்தப் பந்தயத்தின் தனித்தன்மை வேகம் அன்று. பிரேக்கே இல்லாத வண்டியை இளகிய தரையில் வேண்டுமென்றே சறுக்கவிட்டு வளைவைக் கடப்பதுதான். தொடக்கக் காலத்தில் ஆங்கிலேயரும் அதை டர்ட் டிராக் என்றே அழைத்தார்கள். அதைப் பின்பற்றிப் புழுதிப் பந்தயம் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். தரையில் பரப்பப்படுவது புழுதியன்று, பொடிக்கல்லும் சரளையும்தான் என்பதால், பொதுப்பெயர் வேண்டுமென்றால் சரளைத்தடப் பந்தயம் என்று வைத்துக்கொள்ளலாம். இலங்கை நண்பர்களுக்குத் துடுப்பாட்டமும் நமக்குக் கிரிக்கெட்டும் பழகிவிட்டது போல, ஸ்பீடுவே என்ற பெயரும் சரளைத்தடம் என்ற சொல்லும் அருகருகே வாழட்டும்.

கையேட்டின் உயிர்நிலை வேறோர் இடத்தில் இருக்கிறது. வரைவு முழுவதும் அடையாளம் காணல் என்ற ஒரே தொடர் ஆளப்பட்டிருக்கிறது. ஒரு படத்தைப் பார்த்து ‘இது 1934இலோ அதன் பின்னரோ எடுத்தது, இவர் லண்டனின் நியூ கிராஸ் அணியைச் சேர்ந்தவர்’ என்று சொல்வதும், ‘இவர் டாம் ஃபார்ன்டன்’ என்று சொல்வதும் அங்கே ஒரே பெயரைப் பெறுகின்றன. இவை இரண்டும் வெவ்வேறு செயல்கள். இவற்றுக்கு வேண்டிய சான்றுகள் வெவ்வேறு. இவற்றில் நேரும் பிழைகளும் வெவ்வேறு. ஆகவே முன்னதற்கு இனங்காணல் என்றும், பின்னதற்கு ஆளறிதல் என்றும் இரு சொற்களை வரையறுக்க வேண்டும் என்பதே என் முன்மொழிவு. இனங்காணல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது, குறிப்பாக ஈழத்து உரைநடையில். ஆனால் அங்கே அது எல்லாவகை அடையாளத்துக்கும் பொதுவாக நிற்கிறது. சொல்லுக்குள்ளேயே ‘இனம்’ இருப்பதால், அணி, காலம், தடம், வண்டி ஆகியவற்றின் வகையை அறிவது என்ற பொருளுக்கு அதைச் சுருக்கிக்கொள்வது வலிந்த செயலாக இராது. ஆளறிதலின் முடிவாகக் கிடைக்கும் பெயரை ஆளடையாளம் எனலாம்.

இந்தப் பிரிவு வெறும் நுணுக்கத்துக்காக அன்று என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். 1930களின் பிற்பகுதியில் லண்டனின் ஹாரிங்கே அணியில் ஜாக் பார்க்கர், நார்மன் பார்க்கர் என்று அண்ணன் தம்பி இருவர் ஓட்டினார்கள். போருக்குப் பின் அதே அணியில் ஆஸ்திரேலியாவின் டக்கன் உடன்பிறந்தார், விக்கும் ரேயும், ஓட்டினார்கள். படத்தின் பின்புறத்தில் பென்சிலால் ‘பார்க்கர், ஹாரிங்கே’ என்று மட்டும் எழுதியிருந்தால், இனங்காணல் முற்றுப்பெற்றுவிட்டது. ஆளறிதல் தொடங்கவே இல்லை. ஒரே சொல்லை வைத்திருக்கும் பட்டியலாளர் அங்கே ‘அடையாளம் காணப்பட்டது’ என்று எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார். பின்னால் வருபவர் இருவருள் புகழ்பெற்ற ஜாக்கின் பெயரை அதில் சேர்த்துவிடுவார். பெயர்பெற்றவர்களை நோக்கிப் படங்கள் நகர்வதை இணையத் தொகுப்புகளில் இன்றும் காணலாம்.

முகமறிதல் மென்பொருள் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்டிருந்த தம்பிக்கு: பந்தயத்தின் நடுவே எடுத்த படத்தில் முகம் இல்லை. தலைக்கவசம் நெற்றியை மறைக்கிறது, கண்ணாடி கண்ணை மறைக்கிறது, முன்னால் செல்பவரின் பின்சக்கரம் வாரியிறைக்கும் சரளைக்கு அஞ்சி மூக்கையும் வாயையும் துணியோ முகமூடியோ மூடியிருக்கிறது. எஞ்சுவது வண்டியும் உடையும் உடம்பு நிற்கும் நிலையும்தான். கையேட்டின் மற்றக் கலைச்சொற்களெல்லாம் இவற்றிலிருந்தே பிறக்க வேண்டும்.

முதலில் வளைவில் வண்டி பக்கவாட்டில் நழுவிச் செல்லும் உத்தி. பிராட்சைடு என்பதற்குப் பக்கவாட்டு ஓட்டம் என்ற மொழிபெயர்ப்பு வந்திருக்கிறது; அதில் சறுக்கு இல்லை. சறுக்கல் என்றால் தவறி விழுவது போல் ஆகிவிடும் என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் சறுக்குமரத்தில் ஏறும் பிள்ளை தவறி விழுவதில்லை, விரும்பித்தான் சறுக்குகிறது. எனவே சறுக்கல் என்னாமல் பக்கச்சறுக்கு என்போம். இடப்பக்கம் திரும்பும் வளைவில் பின்சக்கரம் வெளியே, வலப்பக்கமாகத் தள்ளிச் செல்ல, முன்சக்கரம் வளைவுக்கு எதிராக வலப்பக்கம் திரும்பி நிற்கும் நிலை என்று வரையறை எழுதலாம்.

இந்த வரையறையில் ஒரு பயன் ஒளிந்திருக்கிறது. ஸ்பீடுவே எப்போதும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்தான் ஓடும். ஆகவே தரையைத் தொடுவது இடக்கால்தான், எஃகுத் தகடு மாட்டியிருப்பதும் இடக்கால் பூட்சில்தான். ஒரு படத்தில் வலக்கால் தரையில் இருந்தால், ஓட்டியவரைக் குறைசொல்ல வேண்டியதில்லை. கண்ணாடித் தகட்டையோ படச்சுருளையோ புரட்டிப்போட்டு அச்சிட்டிருக்கிறார்கள். அதற்கு இடவலம் மாறிய படி என்ற எளிய தொடர் போதும். படத்தைச் சரியாகத் திருப்பிய பின்னரே எண்களையும் சின்னங்களையும் படிக்க வேண்டும் என்பதைக் கையேடு முதல் பக்கத்திலேயே சொல்லியாக வேண்டும். எஃகுத் தகட்டுக்கு ‘இரும்புக் காலணி’ என்று எழுதியவர்கள், செருப்புத் தைப்பவர் பூட்சின் அடியில் அடித்துத் தரும் லாடத்தை மறந்துவிட்டார்கள். எஃகு லாடம் என்றால் எவருக்கும் விளங்கும்.

அடுத்தது காலின் நிலை. இதில்தான் கருத்து வேறுபாடு மிகுதி. 1928, 1929 காலத்துப் படங்களில் இடக்கால் பின்னோக்கி நீண்டு, முழங்கால் தரையை ஒட்டி, வண்டி மிகவும் சாய்ந்து கிடக்கும். அமெரிக்காவின் ‘ஸ்பிரவுட்ஸ்’ எல்டர் இந்தப் பாணிக்குப் பெயர்பெற்றவர், நெடிய உடம்புக்காரர் என்பதால் மங்கலான படத்திலும் சட்டென்று தெரிவார். 1930களில் இடக்காலை முன்னே நீட்டி நிமிர்ந்து உட்காரும் பாணி மேலோங்கியது. முதலாவதற்குக் கால் இழுப்பு என்று ஒரு பரிந்துரை வந்தது; இழுப்பு என்றதும் நம்மவர்களுக்கு நோய்தான் நினைவுக்கு வரும். பின்னங்கால் பாணி என்றால் ஆடுமாடுகள் வந்துவிடும். முன்னூன்றல், பின்னூன்றல் என்று இணைச்சொற்களாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. பின்னால் நீளும் கால் உண்மையில் ஊன்றுவதில்லை, உரசித்தான் செல்கிறது என்று ஒருவர் மறுக்கலாம். முன்னால் நீளும் காலும் உடல் எடை முழுவதையும் தாங்குவதில்லை. இணையாக நிற்கும்போது கிடைக்கும் தெளிவுக்காக இந்தச் சிறு குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பாணிக்கும் வண்டிக்கும் உறவு உண்டு என்பதால் இச்சொற்கள் இனங்காணலில் பெரிதும் உதவும். அந்தத் தொடக்க ஆண்டுகளில் கோலோச்சிய டக்ளஸ் வண்டியில் எஞ்சினின் இரு உருளைகளும் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகப் படுத்துக் கிடக்கும். வண்டி நீளமானது, தாழ்வானது, பின்னூன்றலுக்கு இசைவானது. பிறகு வந்த ரட்ஜும் ஜே.ஏ.பி.யும் நிமிர்ந்த ஒற்றை உருளை கொண்டவை. ஜே.ஏ.பி. எஞ்சின் 1930களின் தொடக்கத்திலிருந்து 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவின் ஈசோவும் ஜாவாவும் பரவும்வரை ஆட்சி செய்ததால், அதை மட்டும் வைத்துக் காலத்தைச் சொன்னால் முப்பது ஆண்டுகளுள் எது என்று தெரியாது. பாணியை மட்டும் வைத்துச் சொன்னாலும் ஏமாறலாம்: ஆலிவர் ஹார்ட் 1940களின் பிற்பகுதியிலும் பின்னூன்றியே ஓட்டியவர். தொடக்க நாடா இவற்றைவிட நம்பத்தக்கது. பிரிட்டனில் 1933இல்தான் நாடா உயரும் தொடக்கவாயில் வந்தது; அதற்கு முன் ஓடிக்கொண்டே தொடங்கினார்கள். ஆகவே நாடா தெரியும் பிரிட்டானியப் படம் 1933க்கு முந்தையதாக இருக்க இயலாது.

தோல் உடைக்கு மேல் மார்பையும் முதுகையும் மூடுமாறு போட்டுப் பக்கங்களில் கட்டும் கையில்லாத துணிக்கு, அணியங்கி என்ற சொல்லைத் தருகிறேன். அணியின் அங்கி, அணியும் அங்கி என இருவகையிலும் பொருந்தும். முன்புறம் அணிச் சின்னம் இருக்கும். வெஸ்ட் ஹாமுக்குக் குறுக்காக வைத்த இரு சுத்தியல்கள், ஆஸ்திரேலியாவுக்குக் கங்காரு. முதுகில் எண் இருக்கும். எண்ணைப் பார்த்ததும் ஆளைச் சொல்லிவிடத் துணிவது பெரிய ஆபத்து, ஏனென்றால் அந்த எண் ஆளுக்கு உரியதன்று, அன்றைய பந்தயத்துக்கு அச்சிட்ட நிரலில் அவர் நின்ற வரிசைக்கு உரியது. அதே பந்தயத்தின் நிரல் கிடைத்தால்தான் எண் பேசும். அதில் பார்வையாளர் ஒருவர் முடிவுகளைப் பேனாவால் நிரப்பி வைத்திருந்தால் இன்னும் நன்று.

அணியங்கி காலத்தை வியப்பூட்டும் அளவுக்குச் சுருக்கவும் கூடும். கிறிஸ்டல் பேலஸ் அணி 1934இல் நியூ கிராசுக்கு இடம்பெயர்ந்தது. டாம் ஃபார்ன்டன் 1935 ஆகஸ்டில் நியூ கிராஸ் தடத்தில் நேர்ந்த விபத்தில் இறந்தார். ஆகவே நியூ கிராஸ் அங்கியில் ஃபார்ன்டன் இருக்கும் படம் அந்த இரு பருவங்களுக்குள் எடுத்ததாகவே இருக்க வேண்டும். இங்கே ஆளறிதல் இனங்காணலுக்குக் கைகொடுக்கிறது. இரண்டும் எப்போதும் ஒரே திசையில் நடப்பவை அல்ல என்பதை வரையறையில் சேர்க்க வேண்டும்.

தலைக்கவச உறையின் நிறத்தைப் பற்றி வரைவில் இருக்கும் பத்தியை மாற்றி எழுத வேண்டும். உள்ளூர் அணியினர் இருவருக்குச் சிவப்பும் நீலமும், வந்த அணியில் ஒருவருக்கு வெள்ளை என்று பிரிட்டானிய லீக்கில் மரபு நிலைபெற்றது. ஆனால் 1920களிலும் 1930களின் தொடக்கத்திலும் பரவலாக இருந்த தகடுகளும் சுருள்களும் சிவப்பொளியை உணராதவை. அவற்றில் சிவப்பு கறுப்பாகவும், நீலம் ஏறக்குறைய வெள்ளையாகவும் பதியும். ‘வெள்ளை உறை, எனவே வந்த அணி’ என்று முடிவுகட்டினால், உள்ளூர் அணியின் நீல உறைக்காரர் எதிரணிக்குப் போய்விடுவார். இத்தகைய படச்சுருளுக்குச் செவ்வொளி உணராச் சுருள் என்ற பெயர் நீளமானதுதான். ஆனால் பிழையின் காரணத்தையே பெயர் சொல்லிவிடுவதால் நான் அதையே விரும்புகிறேன்.

ஓட்டுபவரை எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். ஓட்டுநர் என்றால் பேருந்து வந்துவிடுகிறது. பந்தய வீரர் என்று எழுதினால், வீராங்கனை என்ற இணை இருப்பதால், படிப்பவர் ஆண் என்றே கொள்வார். பெயர் தெரியாத படத்தில் அது முன்முடிவு. அயர்லாந்தின் ஃபே டெய்லர், இங்கிலாந்தின் ஈவா ஆஸ்க்வித் ஆகியோர் 1928 முதலே இத்தடங்களில் ஓட்டியவர்கள். 1930இல்தான் பிரிட்டனில் பெண்களைத் தடுத்தார்கள். அந்த இடைக்காலத்துப் படங்களில் தோலுடையும் கவசமும் அணிந்தவர் ஆணா பெண்ணா என்று சொல்ல வழியில்லை. படகோட்டி, தேரோட்டி போலப் பந்தயவோட்டி என்றால் பால் வெளிப்படாது.

பட்டப்பெயர்களுக்கும் ஒரு நெறி வேண்டும். படக்குறிப்புகளில் ‘புளூயி’ என்று மட்டும் இருக்கும். 1938இல் உலக வாகையர் ஆன ஆர்தர் வில்கின்சன்தான் அவர் என்பது தெரிந்தவருக்கே தெரியும். ஆஸ்திரேலியாவில் செம்பட்டை முடிக்காரரை அப்படி அழைப்பது வழக்கம் என்பதால், அந்தப் பட்டம் பலருக்கு உண்டு. பட்டத்தை மேற்கோள் குறிக்குள் இட்டு, இயற்பெயரை முன்வைத்து, இரண்டையும் அகரவரிசையில் தனித்தனியே தரலாம்.

மேற்கண்டவற்றைக் குழு ஏற்றால், ஒரு படக்குறிப்பு ஏறத்தாழ இப்படி அமையும்: ‘இனங்காணல்: ஹாரிங்கே அணியங்கி, ஜே.ஏ.பி. வண்டி, தொடக்க நாடா, 1930களின் பிற்பகுதி. ஆளறிதல்: பார்க்கர் உடன்பிறந்தாருள் ஒருவர், பந்தய நிரல் கிடைக்கவில்லை.’

எஞ்சியிருப்பது, ஒரே நிகழ்வில் அடுத்தடுத்து நடக்கும் நால்வர் பந்தயங்களுள் ஒவ்வொன்றையும் குறிக்கும் ஹீட் என்பது. சுற்று என்றால் தடத்தைச் சுற்றும் சுற்றோடு மயங்கும். ஓட்டம் என்றால் கிரிக்கெட் குறுக்கே வரும். ஆட்டம் என்று எழுதிப் பார்த்தேன். ‘ஏழாம் ஆட்டத்தில் நான்காம் சுற்று’ என்ற தொடர் இடறாமல் போகிறது. இதைவிட நல்லது இருந்தால் எழுதுங்கள்; மற்றச் சொற்களோடு சேர்த்து வரைவில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்.