பி பிளாக் குரூப்: ஊதச் சொன்னா என்ன பண்றது?

கண்ணன் 204, இரவு 8:42
வெள்ளி, சனி நைட்டு பைபாஸ்ல குடிச்சிட்டு ஓட்டுறாங்களானு ஊதச் சொல்லி செக்கிங் போடுறாங்களாம். இருமல் டானிக், அரிஷ்டம் குடிச்சாலே மூச்சுல ஆல்கஹால் பார்க்கிற மெஷின் காட்டுமாமே?

சாந்தி அக்கா (லேப்), 8:47
காட்டலாம் தம்பி. ஆனா அது ரத்தத்துல இருக்கிறது இல்ல, வாயில ஒட்டியிருக்கிறது. 30 மி.லி. அரிஷ்டத்துல 3 கிராம் ஆல்கஹால்கூட இருக்காது, ரத்தத்துல கேஸ் போடுற அளவான 30ஐ (100 மி.லி.க்கு 30 மி.கி.) தொடவே தொடாது. வாய் ஈரத்துல இருக்கிறது மட்டும் அளவை எகிற வைக்கும். 15 நிமிஷத்துல போயிடும்.

சாந்தி அக்கா, 8:48
அதனால குடிச்சதும் ஊதச் சொன்னா, "இப்பதான் மருந்து குடிச்சேன், 15 நிமிஷம் கழிச்சு எடுங்க"னு தெளிவா சொல்லுங்க. அதுவரை சாப்பிடாம, புகைக்காம நிக்கணும். ஏப்பம் வந்தா மறுபடி 15 நிமிஷம். பாட்டில் கையில இருந்தா காட்டுங்க.

வின்சென்ட் 101, 8:51
ஏலக்காய், பான் போட்டா தப்பிக்கலாம்பாங்க 😀

சாந்தி அக்கா, 8:53
நாத்தம் மட்டும்தான் அடங்கும். மெஷின் அளக்கிறது நுரையீரலோட அடிக்காத்தை. சில மவுத்வாஷ்ல ஆல்கஹாலே இருக்கு, கொப்பளிச்சா நம்பர் ஏறத்தான் செய்யும்.

சுந்தரம் சார் (ஓய்வு, டிராஃபிக்), 8:58
முதல்ல மெஷினைக் கிட்ட பிடிச்சு வெறுமனே பேசச் சொல்லுவாங்க. அதுல இருக்கு, இல்லனு மட்டும்தான் தெரியும். நம்பர் வேணும்னா புது மவுத்பீஸ் மாட்டி, பீப் நிக்கிற வரை ஒரே மூச்சா அஞ்சு செகண்ட் போல ஊதணும். பாதியில விட்டா எரர் வரும், திரும்ப ஊதச் சொல்லுவாங்க.

சுந்தரம் சார், 9:01
ஊதுறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க. மவுத்பீஸ் கவர் உங்க எதிர்ல பிரிக்கணும். திரையில 0 நிக்கணும், முன்னாடி ஊதினவர் அதிகம் குடிச்சிருந்தா சென்சார் தெளிய நேரம் எடுக்கும். பிரிண்ட்ல மெஷின் நம்பர், தேதி, நேரம் சரியா இருக்கணும். கடிகாரம் தப்பா ஓடினா கேஸே தள்ளாடும்.

கண்ணன் 204, 9:04
எவ்வளவு வந்தா கேஸ் சார்? சில மெஷின் 0.030னு காட்டுதாமே?

சுந்தரம் சார், 9:06
100 மி.லி. ரத்தத்துக்கு 30 மி.கி.யைத் தாண்டினா கேஸ். 0.030 சதவீதம்னாலும் அதேதான். மெஷின் ரத்தத்தைப் பார்க்கல, மூச்சை அளந்து 2100ஆல பெருக்கிச் சொல்லுது. ஆளுக்கு ஆள் அந்த விகிதம் கொஞ்சம் மாறும், 32, 34 வந்தா தகராறு கிளம்புறது அதனாலதான்.

லதா 303, 9:08
தண்ணி மோட்டார் யாரு ஆஃப் பண்றது? டேங்க் வழியுது

வின்சென்ட் 101, 9:09
பண்ணிட்டேன் அக்கா

நிர்மலா (வக்கீல்), 9:15
மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185: முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், இல்ல 6 மாசம் வரை ஜெயில், இல்ல ரெண்டும். அடுத்த தடவை 15,000, ரெண்டு வருஷம் வரை. இதுக்கு ரோட்டுல ஸ்பாட் ஃபைன் கிடையாது, கோர்ட்தான். "இங்கயே முடிச்சுக்கலாம்"னு யாராவது சொன்னா அது அபராதம் இல்லீங்க 🙂

நிர்மலா, 9:18
ஊத மாட்டேன்னு அடம்பிடிக்காதீங்க. 203ல கைது பண்ண வழி இருக்கு, ஸ்டேஷன்ல ரத்தம் எடுக்கலாம், மறுத்ததே 205ன்படி நமக்கு எதிரா நிக்கும். நம்பர்ல சந்தேகம்னா ரத்தப் பரிசோதனை கேளுங்க. 185ல கைதானா ரெண்டு மணி நேரத்துக்குள்ள டாக்டர் பரிசோதனை நடக்கணும், இல்லனா கஸ்டடியில இருந்து விட்டாகணும் (202). அதனால கைதான நேரத்தை உடனே குறிச்சு வைங்க.

கண்ணன் 204, 9:21
நைட் குடிச்சிட்டுத் தூங்கி எழுந்து காலையில ஓட்டினா?

சாந்தி அக்கா, 9:27
நிறைய பேர் மாட்டுறதே இதுலதான். ஒரு குவார்ட்டர், 180 மி.லி., 42.8 சதவீதம்: சுமார் 60 கிராம் ஆல்கஹால். 70 கிலோ ஆம்பளைக்கு ஏறக்குறைய 128 வரும். மணிக்கு 15 வீதம்தான் இறங்கும். ராத்திரி 11க்குக் குடிச்சா காலை 5க்கு 38 கிட்ட நிக்கும், 30க்குக் கீழ வர 5:30 தாண்டிடும். காபி, குளியல், மோர் எதுவும் வேகப்படுத்தாது.

வின்சென்ட் 101, 9:29
எல்லாருக்கும் இதே கணக்கா அக்கா?

சாந்தி அக்கா, 9:32
இல்ல, இது தோராயம். 50 கிலோ ஆம்பளைக்கு அதே குவார்ட்டர் 30க்கு இறங்க பத்து மணி நேரம் ஆகும். பொம்பளைங்களுக்கு இன்னும் கூட. ராத்திரி 11க்கு ஆஃப் (360 மி.லி.) அடிச்சவர் 70 கிலோ ஆளா இருந்தாலும் மறுநாள் மதியம் 2 மணி தாண்டுற வரை வண்டியைத் தொடவே கூடாது.